சாவி ஆனில் ஸ்பார்க் உண்டு, செல்ஃப் அடித்தால் இல்லை: ஒரு எஸ்டீமில் இரண்டு கோளாறுகள்

வண்டி மாருதி எஸ்டீம். உற்பத்தி நின்று பல வருடமாகிவிட்டது. ஆனாலும் கோவை வட்டாரத்தில் ஆட்டோகிராஸ், ராலி என்று சுற்றுகிறவர்களுக்கு இதன் மேல் இருக்கும் பிரியம் குறையவில்லை. 1298 சிசி எஞ்சின், எடை குறைந்த பாடி, எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்கும் பாகங்கள். குறைந்த செலவில் ஓட்டிப் பழக இதைவிட என்ன வேண்டும்? இந்த வண்டியில் கம்பெனி ஈசியூவை (பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கழற்றிவிட்டு மெகாஸ்குவர்ட் 2 போட்டிருந்தார்கள். புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் அமெரிக்காவில் தொடங்கிவைத்த, போர்டை வாங்கி நாமே சால்டர் வைத்துச் செய்துகொள்ளக்கூடிய ஈசியூ அது. கிராங்க் புல்லியில் லேசரில் வெட்டிய 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று குறைவு), அதன் எதிரே பற்கள் கடப்பதை உணரும் ஒரு வி.ஆர். சென்சார். காயில், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் வருகிற வகை: காயிலை இயக்கும் மின்னணு சுவிட்சான இக்னைட்டர் உள்ளேயே இருக்கும் நாலு பின் பேக். 1, 4 சிலிண்டர்களுக்கு ஒன்றாகவும் 2, 3 சிலிண்டர்களுக்கு ஒன்றாகவும் பொறி தரும்.

புகார் ஒரே வரி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிளக்கில் கரண்ட் இல்லை.

வண்டி நம்மிடம் வருவதற்குள் அதன் மேல் நிறையக் கை பட்டிருந்தது. காயில் புதிது. பிளக் புதிது. காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் எச்.டி. ஒயர் நாலும் புதிது. ஈசியூவைக் கழற்றி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எஞ்சின் சிக்னலைப் போலியாகக் கொடுக்கும் ஸ்டிமுலேட்டர் போர்டில் மாட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணும் குறை இல்லை" என்று திருப்பி வாங்கியிருந்தார்கள். பெட்ரோல் பம்ப் செல்ஃப் அடிக்கும்போது ஓடவில்லை என்பதால், அதற்கு டாஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சுவிட்சைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. மெகாஸ்குவர்ட்டில் சாவி போட்டதும் பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்கும். எஞ்சின் சுற்றுவதை ஈசியூ உணர்ந்தால் மட்டும்தான் மறுபடி ஓடும். அதாவது, செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்றால், "எஞ்சின் சுற்றுவது எனக்குத் தெரியவில்லை" என்று ஈசியூ சொல்கிறது என்று அர்த்தம். பொறி வராததற்கும் அதே காரணமாக இருக்கலாம் என்று அங்கேயே நின்று யோசித்திருந்தால், காயிலுக்கும் பிளக்குக்கும் பணம் போயிருக்காது. சுவிட்ச் வைத்தவுடன் அந்தத் தடயம் அழிந்துவிட்டது. கூடவே ஓர் ஆபத்தும் சேர்ந்துகொண்டது: வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போட்டி வண்டியில் இப்படி விடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உரிமையாளர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "அண்ணா, செல்ஃப் அடிக்கிறப்ப ஒண்ணுமே இல்லீங்க. சாவிய விடறப்ப எப்பவாவது ஒரு தடவ டப்புன்னு இருமுது, அவ்வளவுதானுங்க." இதை முன்பு பார்த்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். "உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கும், அதுதான்" என்று சொல்லி விட்டுவிட்டார்களாம். நான் அதை நோட்டில் எழுதிவைத்தேன். அதன் விலை பிற்பாடுதான் தெரிந்தது.

ஈசியூவுக்கு எஞ்சின் சுற்றுவது தெரிகிறதா?

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துப் பார்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் முதல் வேலை. இங்கே அதை நான் கடைசிக்குத் தள்ளினேன். காரணம் எளிது. பழைய பாயின்ட் இக்னிஷனில் பொறி வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் கைவிரலில் அடங்கும். இந்த மாதிரி அமைப்பில் ஈசியூ முதலில் சக்கரத்தைப் படிக்க வேண்டும், படித்ததை நம்ப வேண்டும், அப்புறம் காயிலுக்கு உத்தரவு அனுப்ப வேண்டும், அந்த நேரத்தில் காயிலுக்குப் பவர் இருக்க வேண்டும். பிளக்கில் பொறி இல்லை என்பது இந்த நாலில் எது அறுந்தது என்று சொல்லாது. லேப்டாப் சொல்லும்.

இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு (பொறி தேடும்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் விட வேண்டாம்), ஈசியூவை லேப்டாப்பில் பார்க்க உதவும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளை இணைத்து செல்ஃப் அடித்தோம். பேட்டரி 12.5 வோல்ட்டில் நின்றது, சுற்றும்போது 10.3-க்கு இறங்கியது. இது மோசமில்லை. ஈசியூ பவர் ஏறிய நொடியிலிருந்து வினாடிகளை எண்ணிக்கொண்டே போகும் ஒரு கவுன்டர் லாகில் (மென்பொருளின் பதிவில்) இருக்கும். அது செல்ஃப் அடிக்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. அப்படியானால் ஈசியூ நடுவில் செத்துப் பிழைக்கவில்லை. ஈசியூவின் பவர், எர்த் இரண்டும் அந்த நேரத்தில் ஒழுங்காக இருக்கின்றன என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் ஆர்பிஎம் முள் விசித்திரமாக ஆடியது. பூஜ்யம், பூஜ்யம், திடீரென்று 190, மறுபடி பூஜ்யம், ஒரு தடவை 600-ஐத் தொட்டுவிட்டு விழுந்தது. ஒத்திசைவு இழந்த (சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை ஈசியூ தவறவிட்ட) எண்ணிக்கையைக் காட்டும் கவுன்டர் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆக, சிக்னல் வராமல் இல்லை. வருகிற சிக்னலை ஈசியூவால் நம்ப முடியவில்லை.

சென்சாரிலிருந்து ஈசியூ வரை ஒயரைக் கழற்றி அளந்ததில் சுமார் 800 ஓம் காட்டியது. இந்த வகைச் சென்சாருக்கு இது இயல்பான அளவு. பாடிக்கு ஷார்ட் இல்லை. சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவே ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்தேன், 0.8 மி.மீ. அதுவும் சரி. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடித்தால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வந்தது. மெதுவாகச் சுற்றும்போது இந்தச் சென்சார் இவ்வளவுதான் கொடுக்கும். வேகம் ஏற ஏறத்தான் வோல்டேஜும் ஏறும். ஈசியூ போர்டில் ஆர்52, ஆர்56 என்று இரண்டு குட்டித் திருகுகள் உண்டு, இந்த சிக்னலை எந்த அளவில் பிடிப்பது என்று நிர்ணயிப்பவை. அவற்றை யாரோ ஆசைக்குத் திருகிவைத்திருந்தார்கள். இரண்டையும் கடிகார முள்ளுக்கு எதிராக முழுக்கத் திருப்பி, தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

ஸ்டிமுலேட்டரில் ஈசியூ நல்லபடி ஓடியதே என்ற கேள்வி உரிமையாளருக்கு. ஓடும். ஸ்டிமுலேட்டர் கொடுப்பது சுத்தமான சதுர அலை, உயரம் எப்போதும் ஒன்றே. நிஜ சென்சார் கொடுப்பது ஏறி இறங்கும் ஒரு வளைவு. செல்ஃப் வேகத்தில் மெலிந்தது, ஒயர் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து உருவமே மாறக்கூடியது. அந்தச் சோதனையில் தேறியதால் ஈசியூவின் மூளையும் அவுட்புட்டும் நல்லது என்று தெரியும். வண்டியில் சிக்னல் நல்லது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அரைகுறை உயரங்கள்

டூத் லாகர் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று ஒவ்வொன்றையும் ஒரு கோடாக வரைந்து காட்டும் வசதி அது. கணக்கு சுலபம். 36-1 சக்கரம் என்பது, ஃபோர்டு தன் எடிஸ் இக்னிஷன் மூலம் பரவலாக்கிய வடிவம்: 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று வெட்டப்பட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 300 மில்லி வினாடி, ஒரு பல்லுக்கு 8.3. பல் இல்லாத இடத்தில் அதன் இரண்டு மடங்கு, 16.7. ஆக, லாகில் குட்டையான கோடுகள் வரிசையாக நின்று, சுற்றுக்கு ஒரு தடவை ஒற்றைக் கோடு மட்டும் இரட்டை உயரத்தில் நிமிர வேண்டும். கம்ப்ரஷன் வரும்போது எஞ்சின் திணறுவதால் குட்டைக் கோடுகளிலும் சுற்றுக்கு இரண்டு மேடு தெரியும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

எங்கள் லாகில் அந்த ஒற்றை நெட்டைக் கோடு இல்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் சுமார் 12, 12 என்று நடுத்தர உயரத்தில் இரண்டு கோடுகள் ஒட்டி நின்றன.

இதைப் பார்த்தால் சென்சார் ஒயர் தலைகீழ் என்று படிக்க வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மனப்பாடமாக வைத்திருக்கிற பலருக்கும் காரணம் தெரிந்திருப்பதில்லை. பல் சென்சாரை நெருங்கும்போது வோல்டேஜ் ஒரு திசையில் எழும். பல்லின் நடு சென்சாருக்கு நேராக வரும் கணத்தில் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தைக் கடந்து மறுபக்கம் போகும். ஈசியூ பிடிக்க வேண்டியது இந்தக் கூர்மையான கடப்பை. இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால், ஈசியூ பிடிப்பது பல்லின் நடுவில் நிகழும் கடப்பாக இருக்காது. இரண்டு பல்லுக்கு நடுவே, பள்ளத்தில் நிகழும் கடப்பாக ஆகிவிடும். சாதாரணப் பற்களுக்கு நடுவே இது பெரிதாகத் தெரியாது, எல்லாம் சம இடைவெளிதான். வெட்டிய பல்லின் இடத்தில் பள்ளம் நீளமானது. கடப்பு அந்த நீளப் பள்ளத்தின் நடுவில் விழுகிறது. அதனால் ஒரே இரட்டை இடைவெளி வர வேண்டிய இடத்தில் ஒன்றரை, ஒன்றரை என்று இரண்டு வருகின்றன. 8.3-இன் ஒன்றரை மடங்கு 12.5. லாகில் கண்டது அதுவேதான்.

பல் எங்கே இல்லை என்பதை வைத்துத்தான் எஞ்சின் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஈசியூ கணிக்கிறது. ஒன்றரை மடங்கு என்றால் அதற்குச் சந்தேகம். கம்ப்ரஷன் மேட்டில் ஒரு முறை ஏற்கும், அடுத்த சுற்றில் நிராகரிக்கும். ஒத்திசைவு இல்லாமல் பொறி கொடுப்பது ஆபத்து என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்கும். அது தப்பு செய்யவில்லை, சரியாகத்தான் நடந்துகொண்டது.

மென்பொருளில் சிக்னலின் எந்த விளிம்பைப் பிடிப்பது என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். நான் அதைத் தொடவில்லை. கோளாறு ஒயரில் இருக்கும்போது அதை மென்பொருளில் மறைத்தால், அடுத்து யாராவது ஒயரைச் "சரியாக" மாற்றும்போது மறுபடி தலைகீழாகும். சென்சார் கனெக்டரில் இரண்டு பின்னையும் இடம் மாற்றினோம். ஷீல்டு ஒயர் சென்சார் பக்கமும் பாடியில் திருகப்பட்டிருந்தது. அதை வெட்டிவிட்டு ஈசியூ பக்கம் மட்டும் எர்த் இருக்கும்படி வைத்தோம். இரண்டு முனையும் எர்த்தானால் ஷீல்டே இரைச்சலைச் சுமக்கும் ஒயராகிவிடும்.

அடுத்த முறை செல்ஃப் அடித்தபோது லாகில் நெட்டைக் கோடு ஒற்றையாக நின்றது. ஆர்பிஎம் 210-ஐ ஒட்டி அசையாமல் நின்றது. ஒத்திசைவுக் கவுன்டர் ஏறவில்லை. பம்ப்பை ஈசியூவுக்கே திருப்பிக் கொடுத்திருந்தோம், அதுவும் ஓடியது.

பொறி மட்டும் வரவில்லை.

சோதனையில் வருகிறது, ஓட்டத்தில் வரவில்லை

இப்போது கேள்வி சின்னதாகிவிட்டது. ஈசியூ சுற்றுவதைப் படிக்கிறது, நம்புகிறது. அப்படியானால் ஒன்று அது உத்தரவு அனுப்பவில்லை, இல்லை காயில் கேட்கவில்லை.

மென்பொருளில் அவுட்புட் சோதனை என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போதே காயிலை ஒவ்வொன்றாகத் தூண்டிப் பார்க்கலாம். எச்.டி. ஒயரில் இடைவெளி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, சாவியை ஆனில் வைத்துத் தூண்டினால், இரண்டு ஜோடியிலும் பளிச்சென்று நீலப் பொறி. காயில் நல்லது, ஒயர் நல்லது, அவுட்புட்டும் நல்லது. காயில் பேக்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அவுட்புட்டின் திசை அமைப்பைத் தலைகீழாக வைத்திருந்தால் சாவி ஆனிலேயே காயில் சார்ஜாகிக் கொதிக்கும், சில நிமிடத்தில் உள்ளே இருக்கும் இக்னைட்டர் போய்விடும். அந்தச் சிக்கலும் இங்கே இல்லை.

உடன் இருந்த எலக்ட்ரீஷியன் தம்பி, உத்தரவு வருகிறதா என்று பார்க்க பல்ப் போட்ட டெஸ்ட் லாம்ப்பை எடுத்தான். அதைத் தடுக்க வேண்டியிருந்தது. இந்த வகைக் காயிலுக்கு ஈசியூ அனுப்புவது 5 வோல்ட் சிக்னல், கரண்ட் மிகக் குறைவு. 12 வோல்ட் பல்ப் அதில் எரியாது. எரியவில்லை என்பதால் உத்தரவு இல்லை என்று தப்பாக முடிவெடுப்போம், அவுட்புட்டுக்கும் தேவையில்லாத சுமை. எல்.ஈ.டி.யும் ஒரு ரெசிஸ்டரும் வைத்துச் செய்த குச்சி போதும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டு சிக்னல் ஒயரிலும் எல்.ஈ.டி. ஒழுங்காக மின்னியது.

உத்தரவு போகிறது. காயில் நல்லது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பொறி இல்லை. சாவி ஆனில் இருக்கும், செல்ஃப் நிலையில் இல்லாமல் போகும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். நோட்டில் எழுதிவைத்த அந்த இருமல் அப்போதுதான் கண்ணில் பட்டது. சாவியை விடும்போது மட்டும் டப் என்று ஒரு சத்தம். சாவி செல்ஃபிலிருந்து ஆனுக்குத் திரும்புகிற அந்த நொடியில் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, காயிலுக்குப் பவர் திரும்பி வருகிறது. அதிர்ஷ்டவசமாக அப்போது ஒத்திசைவும் கிடைத்திருந்தால் ஒரு பொறி விழும்.

காயில் பேக்கின் 12 வோல்ட் பின்னில் பின்பக்கமாகக் கம்பி விட்டு, இந்த முறை பல்ப் டெஸ்ட் லாம்ப்பையே மாட்டினேன். இந்த இடத்துக்கு மீட்டரைவிட பல்ப் நல்லது. சாதாரண மீட்டர் எண்ணை மாற்றிக் காட்டுவதற்குள் நொடி கடந்துவிடும், பல்ப் பொய் சொல்லாது. கொஞ்சம் சுமையும் கொடுப்பதால் அரைகுறைத் தொடர்பும் மாட்டிக்கொள்ளும். சாவி ஆன்: பல்ப் முழுப் பிரகாசம். செல்ஃப்: அணைந்தது. சாவியை விட்டால் மறுபடி எரிந்தது.

இதற்கு முன் பார்த்த எல்லோரும் இதே பின்னில் 12 வோல்ட் அளந்திருக்கிறார்கள். எல்லோரும் சாவி ஆனில் அளந்திருக்கிறார்கள்.

ரேடியோ ஒயர்

காயிலுக்குத் தனி ரிலே வைத்திருந்தார்கள், அது நல்ல வேலை. 30-ஆம் பின் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, 87 காயிலுக்கு, 85 எர்த். ரிலேயை இழுக்கும் 86-ஆம் பின்னுக்கு மட்டும் எங்கிருந்து பவர் எடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், அது டாஷ்போர்டின் நடுவே, ரேடியோ இருந்த காலி ஓட்டைக்குள் போய் முடிந்தது. போட்டி வண்டி என்று ரேடியோவைக் கழற்றியிருக்கிறார்கள். அங்கே ஒயர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது, சாவி போட்டால் 12 வோல்ட் வந்தது. அதிலேயே முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள்.

பல கார்களை ஸ்டார்ட் செய்யும்போது பாட்டு ஒரு நொடி நின்று மறுபடி வருவதை எல்லோரும் கேட்டிருப்போம். செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்டுக்கு இடம் விட, சாவி செல்ஃப் நிலைக்குப் போனதும் அக்ஸசரி லைனை இக்னிஷன் சுவிட்ச் வெட்டிவிடும். ரேடியோ, ப்ளோயர் எல்லாம் அந்த லைனில்தான். காயில் ரிலேயும் இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஈசியூவின் மெயின் ரிலே முறையான இக்னிஷன் லைனில் இருந்ததால் லேப்டாப்பில் எந்தத் தடங்கலும் தெரியவில்லை. இரண்டு ரிலேயும் ஒரே லைனில் இருந்திருந்தால் வினாடிக் கவுன்டர் முதல் செல்ஃபிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

உண்மையில் இரண்டு கோளாறும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. ரேடியோ ஒயரை மட்டும் யாராவது கண்டுபிடித்து மாற்றியிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்காது. "அதுவும் காரணம் இல்லை" என்று பழையபடி வைத்திருப்பார்கள். ஒரு திருத்தம் செய்து பலன் இல்லை என்றால் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அளந்து பார்த்துத் தப்பு என்று நிச்சயமான ஒன்றைத் திருத்திய பிறகு அதைக் கலைக்கக் கூடாது. இந்த வண்டியில் சென்சார் ஒயரை மாற்றியதும் பொறி வரவில்லை. லாகில் நெட்டைக் கோடு ஒற்றையாக நின்றதால்தான் அதை அப்படியே விட்டுவிட்டு மேலே போக முடிந்தது.

86-ஆம் பின்னை ஈசியூ ரிலே எடுக்கும் அதே இக்னிஷன் லைனுக்கு மாற்றி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டோம். பல்ப் செல்ஃபிலும் எரிந்தது. டெஸ்டரில் பொறி. இன்ஜெக்டர் கனெக்டர்களை மாட்டி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்பினால், எஞ்சின் இரண்டு சுற்றுக்குள் பிடித்தது.

பிடித்துவிட்டது என்று அத்தோடு விடக் கூடாது. சென்சார் ஒயரை மாற்றினால் ஈசியூ பிடிக்கும் புள்ளி அரைப் பல் தள்ளிப் போகிறது. 36 பல் சக்கரத்தில் ஒரு பல்லுக்கு 10 பாகை, அரைப் பல்லுக்கு 5. முதலில் வயரிங் செய்தவர்கள் என்ன கணக்கில் ட்ரிகர் கோணம் (சக்கரத்தின் பல்லை வைத்து பிஸ்டன் நிலையைக் கணிக்கும் அளவு) கொடுத்திருந்தாலும் அது இனி 5 பாகை அளவுக்குத் தவறாக இருக்கும். லோடில் 5 பாகை கூடுதல் அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே விழுவது) என்றால் பிஸ்டனுக்கு ஆபத்து. மென்பொருளில் டைமிங்கை 10 பாகையில் நிலையாகப் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்து, புல்லிக் குறி 10-இல் நிற்கும்வரை ட்ரிகர் கோணத்தைத் திருத்தினோம். வேகம் கூட்டியபோது குறி நகரவில்லை. நகர்ந்திருந்தால் சிக்னல் பிடிப்பு இன்னும் சரியில்லை என்று பொருள். அதன் பிறகே டைமிங் டேபிளைத் திறந்துவிட்டோம்.

6000 சுற்றுக்கு மேல் ஒத்திசைவுக் கவுன்டர் ஒன்றிரண்டு ஏறியது. புதிதாக வாங்கிய பிளக்குகள் உள்ளே ரெசிஸ்டர் இல்லாத வகை. ஒவ்வொரு பொறியும் பக்கத்து ஒயர்களில் இரைச்சலை ஏற்றுகிறது. ரெசிஸ்டர் உள்ள பிளக் போட்டு, சென்சார் ஒயரை எச்.டி. ஒயர்களை விட்டு விலக்கிக் கட்டியதும் கவுன்டர் பூஜ்யத்தில் நின்றது. டாஷ்போர்டின் பம்ப் சுவிட்சைக் கழற்றி, ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்தோம். பழைய காயில் பேக்கை டெஸ்டரில் போட்டுப் பார்த்ததில் அது புதிதைப் போலவே நன்றாக வேலை செய்தது, ஸ்பேராக டிக்கியில் போட்டு அனுப்பினோம். சூடான பிறகு ஐடிலில் எஞ்சின் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அது பெட்ரோல் டேபிள் வேலை, அடுத்த முறை வண்டி வரும்போது அதைப் பார்க்க வேண்டும்.